வால் எண் 416

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில், முன்னாள் படைவீரர் மன்றத்து ஹாலில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. மின்விசிறிகள் சூட்டையே சுற்றிச் சுற்றி விடுகின்றன. மெர்வ் ஒரு சாண் நீள உலோக ஹெலிகாப்டர் பொம்மையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருக்கிறார். அதன் வாலில் 416. வியட்நாமில் குண்டடிபட்ட அவரை மழைக்குள்ளிருந்து தூக்கி வந்த ஹெலிகாப்டரின் எண் அது. ஐம்பது வருடமாக அவர் முன்கையிலும் அது பச்சை குத்தியிருக்கிறது. மனைவி நொலீன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பொம்மையின் அட்டைப்பெட்டிப் பின்பக்கத்தை வாசிக்கிறாள். "அறுபத்தொன்பது மார்ச் மூணாம் தேதி விழுந்து எரிஞ்சிடுச்சுன்னு போட்டிருக்கு. உனக்கு அடிபட்டது ஒன்பதாம் தேதியில்ல?" "அச்சுல தப்பா விழுந்திருக்கும்" என்கிறார் மெர்வ். விற்கிற டேரிலுக்குச் சுருக்கென்கிறது. "படைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் செய்றாங்க பெரியவரே. ஒரு ஆணியைக்கூட மாத்தி வைக்க மாட்டாங்க. பெட்டியைக் கசக்கிடாதீங்க, அப்புறம் ஒருத்தனும் வாங்க மாட்டான்." மெர்வ் ஹெலிகாப்டரின் மேல் இறக்கையை விரலால் தட்டுகிறார். அது சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு, மடித்துவிட்ட சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிக்கொண்டு, மேசையில் வரிசையாக நிற்கும் மற்ற ஹெலிகாப்டர்களின் வால்களை ஒவ்வொன்றாகக் குனிந்து படிக்கிறார். "வேற என்னென்ன நம்பர் இருக்கு, தம்பி?"