அசலை இணைக்கவும்

மழைக்கு முன்பே குளக்கரையில் மேடை போட்டு ஊருக்கெல்லாம் பாட வேண்டும் என்று தவளைகளுக்கு ஆசை. அரசு மானியம் கேட்டு, தலைவித் தவளை விண்ணப்பத்தோடு கலை அலுவலகத்துக்குப் போனது.

"குரல் எங்கேம்மா?" என்றது குமாஸ்தா பல்லி.

"பாடிக் காட்டட்டுமா, சார்?"

"எனக்கெதுக்குப் பாட்டு? ஃபைலில் வைக்கணும். குழுவில் எல்லாருடைய குரலும் வேணும். அசல்தான், நகல் செல்லாது."

பின்னாலிருந்த பூட்டிய பீரோவுக்குள் யாரோ முனகினார்கள்.

"அதுவா, போன வருஷத்துக் குயில்களோட குரல்," என்றது பல்லி.

"திருப்பித் தருவீங்களா, சார்?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டு வந்ததில்லையே."

தலைவி படித்த தவளைதான், இதற்குப் பிறகாவது யோசிக்க வேண்டாமா? மேடை ஆசை யாரை விட்டது. தவளைகள் வரிசையில் நின்று, தொண்டையிலிருந்து குரலைக் கழற்றி ஆளுக்கொரு உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தன.

மானியம் வந்தது. மேடை, பேனர், நாற்காலி எல்லாம் ஜோர். விழாவில் நாற்பது வாய்களும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. ஒரு சத்தமில்லை.

முன்வரிசையில் ஆய்வுக்கு வந்திருந்த பல்லி நோட்டைத் திறந்தது. "ஏதாவது குறை இருந்தா சொல்லும்மா."

தலைவித் தவளை தாவி வந்து, பல்லியின் முகத்தருகே வாயைத் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது.

பல்லி பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிக்கொண்டது.