என்னை எப்போது எடுப்பார்கள்

மலைச்சோலையின் ஓரத்தில் ஒரு கோணல் நாவல்மரமும், எங்கிருந்தோ கொண்டுவந்து நட்ட தைலமரமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

கேமராவோடு வருகிற பெண் நாவலைத்தான் எடுப்பாள். அதன் பாசியை, பொந்தை, பொந்தில் குடியிருந்த குருவியைக்கூட விடமாட்டாள். தைலமரத்துக்கு வயிறு எரிந்தது.

"கூனிக்கு வந்த வாழ்வைப் பாரு. ஒரு கோணல் இல்லாம நிக்கிறேன், என்னை எடுக்க ஒரு நாதியில்ல."

"உன் நேரமும் வரும்டி," என்றது நாவல்.

படங்களை ஊரே பார்த்தது. பழைய சோலையை மீட்க வனத்துறையினர் கிளம்பி வந்தார்கள். அதிகாரி நாவலைத் தடவிக் கொடுத்தார். பிறகு ரம்பத்தோடு நின்ற ஆளிடம் தைலமரத்தைக் காட்டி, "முதல்ல இதை எடுத்துடுங்க," என்றார்.

"கேட்டியாடி? முதல்ல நான்தான்," என்று நாவலிடம் சொல்லிவிட்டு, தைலமரம் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது.