ஆஸ்பத்திரிக் காட்சி

வெளியீட்டுக்கு முன்னால் கிளென்டேல் தியேட்டரில் ஊர் ஜனங்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஆயுசெல்லாம் சிரிப்புப் படம் எடுத்த டைரக்டர் டெல்பர்ட், முதல்முறையாக ஓர் அழுகைப் படம் எடுத்துவிட்டு உள்ளே போகப் பயந்து, விளக்கும் செட் சாமானும் தூக்கும் என்னோடு வாசலில் நின்றார்.

“இது ஒண்ணு மட்டும் ஜனங்களுக்குப் புரிஞ்சா போதும், ஆர்லோ.”

உள்ளே கொல்லென்று சிரித்தார்கள். அவர் கையிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது.

படம் முடிந்ததும் தயாரிப்பாளர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். “உன் பேரைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்கப்பா. இன்னும் மூணு படம் உனக்குத்தான்.”

“ஆஸ்பத்திரிக் காட்சிக்கு?”

“அதுக்குத்தான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அழுகைப் படம்னு சொல்லி என்னையே ஏமாத்திட்டியே.”

அந்தக் காட்சிக்குக் கட்டிலைப் போட்டவன் நான். போன வருஷம் அவர் மனைவி எப்படிக் கிடந்து உயிர் விட்டாரோ, தலையணை மடிப்பு வரைக்கும் அப்படியே போடச் சொல்லியிருந்தார்.