இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள்

"மாட்டியிருக்கியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

மார்லிஸ் ஒரு கையில் போனும் மறு கையில் பைனாகுலருமாகச் சமையலறை ஜன்னலில் நின்றாள். ஏரி நடுவில் ஒரு படகு. படகில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள்.

"மாட்டியிருக்கேன் தாயே! கழுத்து வரைக்கும் ஜிப் போட்டிருக்கேன்" என்றான் அவள் கணவன் ஆர்விட்.

"பின்னால என்ன கீச்சுனு சத்தம்?"

"ஏரிப் பறவை. ஜோடி தேடுது. வெச்சுடறேன்."

மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஜோலீன் சிரித்தாள். இரண்டாவது புள்ளி அவளுடைய கணவன் ரெய்னோ.

"நாற்பது வருஷமா லைஃப் ஜாக்கெட்டை மெத்தையா போட்டு உட்கார்ந்த ஆளுங்கடி. என்ன மருந்து வெச்ச?"

"மருந்தா? மே மாசம் மீன்பிடி சீசன் தொடங்கினப்ப, மினசோட்டாவே தூண்டிலைத் தூக்கிட்டு ஓடுச்சே, அன்னிக்கே சொல்லிட்டேன். ரெண்டு பேருக்கும் அறுபத்தாறு வயசு. ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. ஒண்ணு, ஜாக்கெட்டை மாட்டுங்க. இல்ல, நீந்தக் கத்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த ஜன்னலை விட்டு நகர மாட்டேன்னு."

"அறுபத்தாறு வயசுல நீச்சலா! ரெய்னோ குளியல் தொட்டியிலேயே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுதான் உட்காருவான்."

இருவரும் சிரித்தார்கள். மார்லிஸின் அப்பா இந்த ஏரியில்தான் மூழ்கிப் போனார். அவருடைய ஜாக்கெட் படகுக்குள் நனையாமல் கிடந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. பைனாகுலரை மட்டும் அடிக்கடி துடைப்பாள்.

ஆறு செவ்வாய்க்கிழமைகளாக எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆர்விட் தலை ஈரமாக வருவான். அலை அடித்தது என்பான். கண் சிவந்திருக்கும், வெயில் என்பான். தோலுரித்து, முள்ளெடுத்து, பொட்டலமாகக் கட்டிய மீனை நீட்டுவான். கரையிலேயே சுத்தம் செய்துவிட்டேன் என்பான். படுத்ததும் கட்டையாகத் தூங்கிவிடுவான். தூண்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காருவதில் அப்படி என்ன அலுப்பு என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. ஏரி சாம்பல் நிறமானது.

"ஜோலீன், இங்க வா! நங்கூரத்தைப் படகுக்குப் பின்பக்கம் கட்டியிருக்கான் பாரு!"

"பின்பக்கமா? அலை நேரா உள்ள ஏறுமே! ஏரியில பொறந்தவன் செய்யற வேலையா அது?"

ஏறியது. படகின் பின்புறம் அமுங்கியது. புள்ளிகள் இரண்டும் நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தன. தண்ணீரை மொண்டு ஊற்றவில்லை. கையை ஆட்டவில்லை.

"குடிச்சிட்டுத் தூங்குறானுங்களா?" என்றாள் ஜோலீன். இப்போது அவள் சிரிக்கவில்லை.

மார்லிஸ் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அடுத்த அலையில் படகு கவிழ்ந்தது.

அவள் படித்துறைக்கு ஓடி, ஜோலீன் வந்திருந்த தட்டைப் படகின் மோட்டாரைக் கிளப்பினாள். பின்னாலேயே ஓடி வந்த ஜோலீன் எதையோ அவள் மேல் விட்டெறிந்தாள்.

"முதல்ல நீ ஜாக்கெட்டை மாட்டுடி!"

மாட்டினாள். அவசரத்தில் ஜிப் இரண்டு தடவை சிக்கியது.

"மிதக்குறாங்க... மிதக்குறாங்க..." என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள். ஆர்விட்டின் பச்சைத் தொப்பி தெரிந்தது. முகம் மட்டும் தெரியவில்லை. நீளக் கொக்கியை நீட்டி, ஜாக்கெட்டின் தோளில் மாட்டி, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

கனமே இல்லை. இழுத்த வேகத்தில் அவளே மல்லாந்து விழுந்தாள்.

ஜிப் கழுத்து வரை போட்டிருந்தது. கழுத்துக்கு மேலே, தொப்பிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் வாத்து அவளைப் பார்த்தது. வேட்டைக் காலத்தில், நிஜ வாத்துகளை ஏமாற்றி வரவழைக்க ஆர்விட் தண்ணீரில் விடும் பெரிய பொம்மை.

ஜோலீன் இன்னொன்றை இழுத்துப் பார்த்தாள். "என்னோடதும் வாத்துதான். மூக்கு என்னவோ ரெய்னோவோடதுதான்." சட்டென்று குரல் மாறியது. "அப்போ ஆளுங்க எங்கடி?"

போன் அடித்தது.

"மார்லிஸ்! கூப்பிட்டியா?" ஆர்விட்டுக்கு மூச்சு வாங்கியது. "திட்டாம கேளு. ஜாக்கெட்டைக் கழட்டிட்டேன்!"

"எங்கய்யா இருக்க?"

"டவுன்ல, நீச்சல் குளத்துல! ஆறு வாரமா செவ்வாய்க்கிழமைன்னா படகை ஏரி நடுவுல நிறுத்திட்டு, நீ ஜன்னலை விட்டு நகர்ற நேரம் பார்த்து, ரெய்னோவோட துடுப்புப் படகுல தீவுக்குப் பின்னால கரையேறி இங்கதான் வர்றோம். ஏழு வயசுப் பசங்களோட கிளாஸ். நீ மொதல்ல போன் பண்ணப்ப நிஜமாவே இங்க குடுத்த ஜாக்கெட்டைப் போட்டுத்தான் இருந்தேன்." பின்னால் கீச்சென்று விசில் ஊதியது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். "இன்னிக்கு ஜாக்கெட், மிதவை ஒண்ணும் இல்லாம, இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் நானே நீந்திட்டேன் மார்லிஸ்! ரெய்னோ பாதி தூரம் நீந்தினான், மீதியைக் குடிச்சுட்டான். இனிமே நீ ஜன்னல்ல நிக்க வேணாம்!"

மார்லிஸ் ஈர வாத்தை மடியில் வைத்துக்கொண்டு, தட்டைப் படகே ஆடும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"ரொம்ப சந்தோஷம்யா. உன் படகு ஏரி நடுவுல கவுந்து கிடக்கு, நீந்திப் போய் எடுத்துட்டு வா. போறப்ப ஜாக்கெட்டை மட்டும் வாத்துகிட்ட கேட்டு வாங்கி மாட்டிக்கிட்டுப் போ."