ஐந்து நட்சத்திரப் பந்து

“இதுக்கு மூணு நட்சத்திரந்தான் போட்டிருக்கான். வேற எடுங்க பாய்” என்றான் அரசப்பன், புதுப் பந்தை முகர்ந்து பார்த்துவிட்டு.

ஜெகபர் அலி அலுத்துக்கொள்ளாமல் அடுத்த பெட்டியைத் திறந்தார். கும்பகோணத்தில் அவருடைய விளையாட்டுச் சாமான் கடைக்கு வருகிறவர்கள் பந்தை உருட்டிப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், முகம் சுளிப்பார்கள், வாங்கிப் போவார்கள். அரசப்பன் ஒரு விளையாட்டு மாத இதழைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வந்திருந்தான். அந்த மாதம் அதில் ஒவ்வொரு வகைக் கிரிக்கெட் பந்துக்கும் நட்சத்திரம் கொடுத்து, அதை வீசிப் பார்த்த பவுலர்களின் அபிப்பிராயத்தையும் போட்டிருந்தார்கள்.

கடையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் அரசப்பன் உட்கார்ந்திருந்தான். அவனை மாட்டு வண்டி ஓட்டச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் மிராசுதார் அமிர்தலிங்கம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், இதையெல்லாம் பார்க்கச் சகிக்காமல், அவருடைய மகனும் ஊர் அணியின் கேப்டனுமான கோவிந்தராசு.

மறுநாள் பேராவூரணி அணியோடு இறுதி ஆட்டம். போன வருஷமும் அவர்களோடுதான். முதல் ஓவரை அரசப்பன் போட்டான். ஒரு பந்து ஸ்கோர் எழுதுகிறவரின் டீ டம்ளரில் விழுந்தது. இன்னொன்று பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விட்டது. அந்த ஓவர் முடிவதற்குள் ஆட்டம் முடிந்த மாதிரிதான். அணியில் உண்மையிலேயே பந்து வீசத் தெரிந்த பஞ்சநதம், எல்லைக்கோட்டில் நின்று புல் கிள்ளிக்கொண்டிருந்தான். இந்த வருஷம் அவன் தெளிவாகச் சொல்லிவிட்டான்: அரசப்பன் கையில் பந்து போனால், தானும் மற்றவர்களும் ஆட்டத்துக்குப் போகத் திருப்பனந்தாளில் பஸ்ஸே ஏறப்போவதில்லை.

அரசப்பன் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, அபிப்பிராயங்களைப் படித்துக்கொண்டிருந்தான். பாராட்டுகளை அவன் மதிக்கவில்லை. பந்து அருமையாகத் திரும்புகிறது என்று எழுதிய மதுரைக்காரரை, அந்த ஊர்த் தரை வேறு, நாம் போடுவது நெல் அறுத்த களிமண்ணில் என்று தள்ளிவிட்டான். தூத்துக்குடிக்காரர் சொல்வது கடல் காற்றுக்குத்தான் சரிப்படும் என்றான். குறை சொன்னவர்களிடம்தான் அவனுக்குப் பெரிய மரியாதை. தையல் விரலை உறுத்துகிறது என்று ஒரு சேலத்துக்காரர் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, தன் ஆள்காட்டி விரலை எல்லாருக்கும் காட்டினான்.

“பாத்தீங்களாய்யா? போன வருஷம் இந்தப் பந்தைத்தான் குடுத்தாங்க. நான் அப்பவே சொன்னேன்.”

“சொன்னே, சொன்னே” என்றார் அமிர்தலிங்கம்.

உண்மையில் போன வருஷம் அரசப்பன் அப்படி எதுவும் சொல்லவில்லை. வாய்க்காலில் இறங்கிப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். கோவிந்தராசு அப்பாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

தெருவில், நிலமில்லாதவர்களுக்கு நிலம் கேட்டு ஓர் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அமிர்தலிங்கம் முகத்தைத் துடைப்பவர் போலத் துண்டை எடுத்தார். எடுத்த துண்டை அவர் இறக்கவே இல்லை.

பந்தில் ஒன்றும் கிடையாது, கைதான் கோளாறு என்று கோவிந்தராசு விளக்கினான். அரசப்பனுக்கு ஆசை தீரப் பந்து வாங்கிக் கொடுங்கள், வீட்டில் வைத்து உருட்டிக்கொள்ளட்டும், நாளைக்குப் பஞ்சநதம் போடட்டும் என்று கெஞ்சினான். பஸ் விஷயத்தையும் சொன்னான்.

“மொத ஓவர் அரசப்பன்தான்” என்றார் அமிர்தலிங்கம், துண்டுக்குள்ளிருந்து.

“தோத்துருவோம்ப்பா.”

“தோத்துட்டு வாங்க.”

உள்ளே அரசப்பனுக்கு ஒருவழியாக ஐந்து நட்சத்திரப் பந்து அகப்பட்டிருந்தது. ஆனால் அதன் கீழே ஒருவர், நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடி வந்தால்தான் இந்தப் பந்தின் அருமை தெரியும் என்று எழுதித் தொலைத்திருந்தார். அரசப்பன் தன் வெறுங்காலை வருத்தத்தோடு பார்த்தான். ஜெகபர் அலி கேட்காமலே பூட்ஸ் பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்.

“எடுத்துக்க அரசப்பா, காலுக்குப் பாத்து நல்லதா எடு” என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார் அமிர்தலிங்கம். பொங்கலுக்குச் சொந்த மகனுக்கே ஒரு வேட்டியோடு முடித்துக்கொள்கிற மனிதர்.

கோவிந்தராசுவுக்குப் பொறுக்கவில்லை. ஊர் முழுக்கச் சிரிக்கிறது, பேராவூரணிக்காரர்கள் அரசப்பனுக்கு மாலை வாங்கி வைத்திருக்கிறார்களாம் என்று பொரிந்து தள்ளினான்.

“வண்டி ஓட்டுற ஆளுக்குப் போயி நீங்க ஏம்ப்பா இப்படிப் பயப்படுறீங்க?”

அமிர்தலிங்கம் கடைக்குள் ஒரு தடவை பார்த்தார். ஊர்வலம் தெருமுனை திரும்புகிறவரை காத்திருந்தார். பிறகு மகனின் காதருகே வந்தார்.

“நில உச்சவரம்புச் சட்டத்துல கவர்மெண்டு எடுத்துக்கக் கூடாதுன்னு, நம்ம ஆத்தங்கரை நஞ்சை அத்தனையையும் இவன் பேருலதாண்டா எழுதி வச்சிருக்கேன். பத்திரப்படி பாத்தா, நாம திங்கிறதே அவன் சோறு.”

கோவிந்தராசு உள்ளே போய், அரசப்பனின் காலடியில் குந்தி, பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டபடி கேட்டான்.

“மொத ஓவர் எந்தப் பக்கத்துலேருந்து போடுறீங்கண்ணே, உங்களுக்கு எது வசதி?”