பங்கு பிரிக்கும் பட்டன்

பட்டனை அமுக்குவதற்கு முன்னால் உமாதேவி இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள்.

அண்ணன் விஜயசங்கர் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தம்பி குமரகுரு வாசல் ஓரம், சாரல் மேலே படாத இடமாகப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் சேரில். நடுவே ஒரு மேஜைதான். ஆனாலும் சித்திரையிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

"ஏட்டி, அவன் டீ குடிக்கானான்னு கேளு."

"வேண்டாம்னு சொல்லுக்கா."

இந்தக் கூத்துக்கும் நடுவில் அவள்தான்.

அப்பா நமசிவாயம் தென்காசியில் ஆரம்பித்த வாடகைப் பாத்திரக் கடை இது. கல்யாணமோ கருமாதியோ, அண்டாவும் சருவமும் ஜமுக்காளமும் இங்கிருந்துதான் போகும். சீசனுக்குப் பஸ் பிடித்து வந்து குற்றாலத்தில் ஆக்கித் தின்கிறவர்களுக்காக அங்கேயும் ஒரு கிளை. அந்தக் கிளை உமாதேவியின் யோசனை. அதை யார் இப்போது ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

சிவகிரியில் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் திரும்பி வந்தவள், அன்றிலிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். நோட்டில் கிடந்த கணக்கையெல்லாம் எக்ஸெலில் ஏற்றினாள். ஒரு தட்டில் வேலை தானாக நடக்கிற மேக்ரோவை யூடியூப் பார்த்தே படித்தாள். கீழப்பாவூர், இலத்தூர் என்று ஊர்வாரியாக வசூலைத் தனித்தனி ஃபைலாகப் பிரிக்க ஒரு பட்டன் செய்து வைத்தாள். ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கட்டத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரில் ஒரு ஃபைல் வரும். அந்தப் பெயருள்ள வரியெல்லாம் அதற்குள் போய்விடும்.

இப்போது அந்தக் கட்டத்தில் ஊர்ப்பெயர் இல்லை. அண்ணன் பெயரும் தம்பி பெயரும் இருந்தன.

பிரிவினைப் பேச்சு ஆடிட்டர் வெங்கடேஸ்வரன் ஆபீசில் நடந்தது. அடேயப்பா, என்ன சண்டை! ஓட்டை அண்டாவுக்குச் சண்டை. கால் ஒடிந்த சேருக்குச் சண்டை. டிரைவர் இசக்கிமணி யாருக்கு என்று கைகலப்புவரை போனதாகக் கேள்வி. உமாதேவியை ஒருநாளும் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, எந்தப் பொருள், எந்த ஆள் யாருக்கு என்று எழுதிய பட்டியலோடு பென் டிரைவ் மட்டும் அவளிடம் வந்தது. மேக்ரோ தெரிந்தவள் வேறு யார் இருக்கிறார்கள்?

கூப்பிடாததில் அவளுக்கு வருத்தம்கூட இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பத்திர ஆபீசில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாள். "நீ எங்கட்டி போகப்போற? கடைசிவரைக்கும் எங்ககூடத்தான இருக்கப்போற" என்று அண்ணன் சொன்னான். தம்பியும் தலையை ஆட்டினான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவ்வளவையும் எழுதிக்கொடுத்தாள்.

இனி அண்ணன் வீடா, தம்பி வீடா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். கேட்க வாய் வரவில்லை. அவர்களாகச் சொல்லட்டும் என்று இருந்தாள். பாழாய்ப்போன ரோஷம், அது மட்டும் இன்னும் மிச்சமிருந்தது.

ஆனால் ஊழியர் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. பி.எஃப். கட்டுவதற்காக ஆடிட்டர்தான் சேர்க்கச் சொல்லியிருந்தார். அப்படியென்றால் அவள் பெயருக்கு நேரேயும் யார் பெயரையாவது எழுதியிருப்பார்கள். பென் டிரைவைச் செருகியதுமே போய்ப் பார்த்திருக்கலாம். பயமாக இருந்தது. எந்த ஃபைலில் போய் விழுகிறோமோ அங்கே பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டாள்.

பட்டனை அமுக்கினாள்.

திரை ஒருமுறை மின்னியது. மூன்று ஃபைல் வந்து நின்றன.

விஜயசங்கர். குமரகுரு. மீதி.

கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகள் தொலைந்துவிடக் கூடாது, அவற்றையெல்லாம் 'மீதி' என்று ஒரு ஃபைலில் போடு என்று மேக்ரோவில் எழுதி வைத்தவளும் அவள்தான்.

திறந்தாள். உள்ளே ஒரே ஒரு வரி.

உமாதேவி. வேலை: கணக்கு.

மறந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தாள், பைத்தியக்காரி. அப்படி நினைத்துக்கொள்ளவும் ஆடிட்டர் வழி வைக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, இரண்டு பேரையும் கேட்ட பிறகுதான் ஓரத்தில் டிக் போடுவார் அவர். அவள் வரிக்கும் டிக் இருந்தது.

படித்திருக்கிறார். ஓட்டை அண்டாவுக்கு அடித்துக்கொண்ட இரண்டு பேரும் இந்தப் பெயருக்கு வாயைத் திறக்கவில்லை.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதைக்கூட யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

"என்னட்டி, முடிஞ்சுதா?" என்றான் அண்ணன்.

"மூணு ஃபைல் வந்திருக்குண்ணே. ஒரு வரியில மட்டும் யார் பேரும் போடல."

எந்த வரி என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். தம்பி செல்போனைத் தடவினான். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ஏதாவது பழசா இருக்கும். அழிச்சிரு" என்றான் அண்ணன்.

"ஆமாக்கா, அழிச்சிரு" என்றான் தம்பி.

சித்திரைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பேச்சாகப் பேசியது அன்றைக்குத்தான்.

உமாதேவி அந்த ஃபைலின்மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்து, டெலீட்டைத் தட்டினாள்.

நிச்சயமாக அழிக்கலாமா என்று அவளிடம் கம்ப்யூட்டர் மட்டும் கேட்டது.