ஒரு நாளைக்கு ஒரே ஆள்

அருவிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஆள்தான் என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வருடா வருடம் எழுதிப் போட்டு, கடைசியில் குலுக்கலில் ஆவுடைச்செல்வியின் பெயர் வந்தபோது அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. வனத்துறை வாசல்வரை கணவரும் மகளும் வந்தார்கள். அதற்குமேல் அவள் மட்டும்தான் போகலாம்.

"குடுத்து வச்சவ நீ. இடிக்கதுக்கு ஒரு ஆள் கிடையாது, ஆசை தீரக் குளி" என்றார் கணவர்.

மலைப்பாதை முழுக்க அவளுடைய செருப்புச் சத்தம்தான் கூட வந்தது. அருவிக்கரையில் உட்கார்ந்து உச்சந்தலையில் எண்ணெய் வைத்தாள், கைகாலெல்லாம் தேய்த்தாள். முதுகுக்குக் கை எட்டவில்லை. மீதி எண்ணெயை மூடி வைத்தாள்.

சின்ன வயதில் அம்மா அவளைக் கூட்டத்துக்குள் நுழைத்துவிடுவாள். "போதும், நவுருங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் இடம் விட்டாக வேண்டும். இன்று அத்தனை தண்ணீரும் அவள் ஒருத்தி தலையில் விழுந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கண்ணைத் திறக்காமலே கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

வாசலிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த காவலாளியின் குரல் பாறைமேலிருந்த ஒலிபெருக்கியில் கேட்டது. "ஏன்க்கா ஒதுங்கிட்டீங்க? தண்ணி பலமா அடிக்கோ?"

"அதெல்லாம் இல்ல தம்பி" என்றாள், முகத்து நீரை வழித்தபடி. "நான் குளிச்சிட்டேன். பின்னால நிக்கவங்களும் குளிக்கட்டும்."

சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். அவள் விட்ட இடத்தில் தண்ணீர் வெறும் பாறைமேல் விழுந்துகொண்டிருந்தது.